சொட்டாத படகு

ஆர்விட்,

காட்டரிசி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், ஆறு மணிக்கு வந்துவிடுவேன். நாலு மணிக்கு உன் கூட்டாளி டோய்வோ வந்து படகை டிரெய்லரோடு ஏரிக்கு இழுத்துப் போவான். தண்ணீரோடு இழுக்க விடாதே, அச்சு முறிந்துவிடும்.

ஆமாம், படகுக்குள் தண்ணீர். காலையில் தோட்டக் குழாயால் பாதி வரை நிரப்பினேன். சொட்டுகிற இடத்திலெல்லாம் வட்டம் போடலாம் என்று மார்க்கரோடு அடியில் போய்ப் படுத்தேன். ஒரு மணி நேரம் படுத்திருந்தும் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. என் வயசு இருக்கும் அந்த அலுமினியத் தகட்டுக்கு, அதில் போன வருஷம் நான் அடித்தது முந்நூறு ரிவெட் ஆணி. மூக்குக்கு மேலே ஒரு குளமே நிற்கிறது, என் முகம் காய்ந்து கிடக்கிறது! மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

செப்டம்பரில் ஏரி நடுவில் கணுக்கால் வரை தண்ணீர் ஏறியபோது, டோய்வோவை வைத்துக்கொண்டே என்ன சொன்னாய்? "உன் ரிவெட்டு லட்சணம் இதுதான் லெம்பி! காயலான் கடையில போட்டுடலாம்."

வடிப்பதற்கு, பின்பக்க ஓட்டையில் இருக்கும் அடைப்பானைத் திருகி எடு. அதற்கு முன் நீயும் ஒரு நிமிஷம் அடியில் படுத்துப் பார். கம்பளி விரித்திருக்கிறேன்.

லெம்பி

பி.கு.: நிரப்புவதற்கு முன் அந்த அடைப்பானை வீடெல்லாம் தேடினேன். உன் மீன்பிடிக் கோட்டுப் பையில் இருந்தது, செப்டம்பர் மாதத் தூண்டில் கடை ரசீதோடு. அன்றைக்குப் படகை இறக்கும் முன் அதைத் திருகி ஓட்டையை அடைக்க வேண்டியது நீ.

டோய்வோவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நன்றாக இருக்காது.