தறி நின்ற நாளிலும் மிதந்த நூல்

பாஸ்டன்
30.10.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கோகிலவாணி எழுதுகிறேன். இங்கே நான் சுகம்தான். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் போனில், "இடது கண்ணுல கறுப்பா நூலு மெதக்குது கண்ணு. தறிப் பஞ்சு உழுந்திருக்கும், கழுவுனாப் போயிரும்" என்று சிரித்தீர்கள். பிறகு அம்மா போனை வாங்கி, "ஆயுத பூசைக்குத் தறிய நிறுத்துன அன்னைக்கும் கண்ணைக் கசக்கீட்டேதான் இருந்தாரு அம்மணி" என்றார். மறுநாள் ஆய்வகத்தில் ஒரு குடுவை என் கை நழுவி உடைந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, திட்டு மட்டும்தான்.

அப்பா, தறி ஓடாத நாளில் பஞ்சு எங்கிருந்து வரும்? சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்தம் போதாவிட்டால், அது ஒரு புரதத்தைச் சுரந்து புது ரத்தக்குழாய்களை வளர்க்கும். கஞ்சி போடாத பாவு நூல் போல அவை சுலபமாக அறுந்துவிடும். நீங்கள் பார்ப்பது அதில் கசிந்த ரத்தமாக இருக்கலாம். அந்தப் புரதத்தை அடக்கும் மருந்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். சோதனை இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சூலூரில் பஸ் ஏறி, கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டுங்கள். லேசர் வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். போனில் சொன்னால் சிரித்தே மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. நம் தறியில் ஓட்டிய துண்டு ஒன்று அனுப்புங்கள். தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். பார்சல் மேல் விலாசத்தை அம்மா எழுத வேண்டாம். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கோகிலவாணி