சர்க்கரை இருக்கா?

மார்ச் 4

"மெலிந்துவிட்டீர்கள்" என்று தபால்காரரிடம் இன்றும் சொல்லவில்லை. உதவி மையத்தில் உணவுப் பெட்டி வாங்க வரும் வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு நான் எடுக்கும் வகுப்பில் அவருக்கு முதல் நாற்காலி. ஓய்வுபெற்றவர், தனியாள். சோறு எவ்வளவு என்று கேட்டால், எல்லோருக்கும் முன்னால் கையைக் குவித்துக் காட்டுவார். இன்று அவர் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை. ஆணியால் குத்தியது போல இருந்தது.

மார்ச் 11

எடை மறுபடி குறைந்திருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன அளவுதான் டீச்சரம்மா. ஒரு பருக்கைகூட அதிகமாப் போடுறதில்ல."

பாராட்டுக்குக் காத்து நின்றார். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 13

அந்த ஆணி ஓட்டை. கையிலிருக்கும் நாவலில் நேற்றைய பக்கத்திலேயே நிற்கிறேன்.

மார்ச் 18

பதிவு மேசையில் டோக்கன் அக்கா, புதிதாக வந்த ஓர் அம்மாளிடம் கேட்டாள்: "சர்க்கரை இருக்கா?"

"அரை டப்பா இருக்கு. அடுத்த மாசம் குடும்மா, போதும்."

வரிசையே சிரித்தது. "டப்பாவை யாரு கேட்டா? உடம்புல இருக்கான்னு கேட்டேன்!"

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

தபால்காரரைத் தனியே கூப்பிட்டேன். உங்களுக்குச் சர்க்கரை என்று எந்த டாக்டர் சொன்னார்?

"டாக்டரா? டோக்கன் குடுக்குற இந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. வீட்ல ரெண்டு பாக்கெட் கிடந்துச்சு, இருக்குன்னேன். வச்சுக்கிட்டே இல்லன்னு சொல்லி வாங்கலாமா?"

வகுப்பில் நான் மாத்திரை பற்றிப் பேசும்போது மட்டும் ஜன்னலைப் பார்ப்பார். அது மற்றவர்களுக்கான பாடம் என்று நினைத்திருக்கிறார். ஒரு தடவை — ஒரே ஒரு தடவை, பசிக்கலையான்னு கேட்டிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 20

தபால்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை இல்லை.

"நான் பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப வகுப்பு?"

நான் வாய் திறப்பதற்குள் டோக்கன் அக்கா முந்திக்கொண்டாள். "வியாதி இல்லாதவருக்கு வகுப்பு எதுக்கு ஐயா? இனிமே நீங்க திங்கக்கிழமை வரிசை. சாதாரணப் பெட்டி. வயிறாரச் சாப்பிடுங்க."

சரி என்றார். நல்ல செய்தி கேட்டவர் முகமாக அது இல்லை.

ஏப்ரல் 29

மேசையில் இப்போது "சர்க்கரை வியாதி இருக்கா?" என்று கேட்கிறார்கள். தபால்காரரின் பெல்ட் பழைய ஓட்டைக்கே போய்விட்டதாம். டோக்கன் அக்கா சொன்னாள். வகுப்பில் சோற்றின் அளவைக் கேட்டேன். யாரும் கையைத் தூக்கவில்லை. நானே குவித்துக் காட்டினேன்.