சொல்லாமல் பஸ் ஏறி வந்த நாள்

அக்கா,

உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை என் அடுப்படிவரை வருகிறது. வாடகைக்கு யாரோ புதிதாக வருகிறார்களாம். சோற்றை வடித்துவிட்டுச் சாப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கீரனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மணமேல்குடிக்கு வந்தபோது எனக்கு மீன் அலசக்கூடத் தெரியாது. கொஞ்ச நாளிலேயே அவர் குவைத்துக்குப் போய்விட்டார். நீங்கள் இறால் கம்பெனி வேலை முடிந்து வந்ததும், பக்கத்து வீட்டிலிருந்து "ஆத்தா, சாப்பிட்டியா?" என்று குரல் கொடுப்பீர்கள். என்னை முதன்முதலாகக் கடலுக்குக் கூட்டிப்போனதும் நீங்கள்தான். அலையே இல்லாமல் கிடந்தது. "என்னக்கா, எங்க ஊருக் கம்மா மாதிரில்ல இருக்கு!" என்றேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

பிறகு உங்களுக்குக் கிட்னி கெட்டது. டயாலிசிஸுக்காக அறந்தாங்கிக்கு பஸ்ஸில் போய்வந்தோம். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஊர் நெருங்கினால் நான் எழுப்ப வேண்டியதில்லை. "காத்து மாறிருச்சு பாரு" என்று நீங்களே நிமிர்ந்துகொள்வீர்கள்.

உங்கள் மகன் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனதில் தப்பே இல்லை. தம்பி என்றே நான் கூப்பிடும் அவன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். ஆனாலும் போனில் உங்கள் குரல் வரவரச் சிறுத்துக்கொண்டே போனது. "நல்லாத்தான் பாத்துக்கிறாங்கத்தா. சன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டுச் செவுருதான் தெரியுது" என்றீர்கள்.

ஒருநாள் மத்தியானம் என் வாசலில் நின்றீர்கள். கையில் பைகூட இல்லை. வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்திருந்தது.

"தம்பிக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா விடுவானா? வெயில் தாழட்டும், கடலுக்குப் போவோம்."

நீங்கள் படுத்திருந்தபோது தம்பிக்குப் போன் செய்துவிட்டேன். சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் போனோம். என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை நடந்தீர்கள். அப்போது தம்பியின் கார் வந்து நின்றது. கோபமாகத்தான் இறங்கினான். உங்களைத் தண்ணீரில் பார்த்ததும் பேன்ட்டை மடிக்காமலே ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லியிருந்தா நானே கூட்டியாந்திருப்பேனேம்மா."

"ஒனக்கு ஏதுப்பா நேரம்" என்றீர்கள். குரலில் குறை இல்லை. இருட்டும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

அடுத்த வாரமே நீங்கள் போய்விட்டதாகத் தாக்கல் வந்தது. புதுக்கோட்டையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காரியத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பினேன். ஊர் வந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

நேற்று அவர் குவைத்திலிருந்து பேசினார். "புதுக்கோட்டையில வீடு பாத்துருவோமா? மணமேல்குடியில ஒனக்குன்னு யாரு இருக்கா?" யாரும் இல்லைதான். ஆனாலும் "நான் இங்கிட்டே இருக்கேங்க" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

அன்று காரில் ஏறும்போது என் உள்ளங்கையை அழுத்தினீர்கள் அக்கா. "கடலு எங்கேயும் போயிறாது. நீ ஒத்தையில கெடப்பியேன்னுதான் வந்தேன்" என்றீர்கள். என்னைப் பார்க்கவென்று ஒருத்தர் பஸ் ஏறி வந்த ஊர் இது ஒன்றுதான்.