உடும்பு வீரர் கண்ட முதலை

பத்தாங் பெர்ஜுந்தாய்,
12.7.1986

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடுகிறோம், ஜொகூரில் நீயும் அப்படியே சுகமாய் இருக்க மாரியம்மன் துணை.

ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி எப்படிப் போகிறது, வேளைக்குச் சாப்பிடு. போன மாதம் பேப்பரில் வந்த என் படத்தை அங்கேயும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். கோழிக்கூண்டில் புகுந்த உடும்பை அடிக்கப் போய் நான் சாக்கடையில் விழுந்ததுதான் நடந்தது. நிருபரிடம் உடும்பு என்றுதான் சொன்னேன், அவரோ, அண்ணே, உடும்புக்கெல்லாம் யாரு பேப்பர் வாங்குறா என்று சொல்லிவிட்டு, முதலையோடு போராடிய வீரர் என்று போட்டுவிட்டார். ஊரே நம்பி ஆற்றுப் பக்கம் போகவில்லை. அரசாங்க ஆள்கள் துப்பாக்கியோடு வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். இப்போது மளிகைக்கடை பாவா அந்தப் பேப்பரில்தான் கருவாடு மடிக்கிறார், இதுல கருவாடு மட்டுந்தான் நெசம் என்று கேலி வேறு.

இனிதான் விஷயம். வியாழக்கிழமை புல்லறுக்கப் போனபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேற்றில் தென்னைமரத் துண்டு கிடக்கிறது என்று நினைத்தேன். அது கண்ணைத் திறந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன், இன்னும் சேற்றில் இறங்கி அதை எடுக்கவில்லை. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் சுப்பிரமணியத்திடம் சொன்னால், என்ன சன்னாசி, மறுபடியும் போட்டோ வேணுமா லா என்கிறார். அரசாங்க ஆபீஸில் என் பேரைச் சொன்னதுமே போனை வைத்துவிட்டார்கள். பேப்பர் சொன்ன பொய்யை நம்பினவர்கள், அந்தப் பேப்பரால்தான் இன்றைக்கு நான் சொல்கிற உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

லயத்து வீடுகளின் குழாயில் தண்ணீர் வருவதில்லை, பெண்கள் எல்லோரும் ஆற்றில்தான் துவைக்கிறார்கள். உன் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வந்தா அதுக்கும் சேத்து சோப்பு போட்டு உடுறேன் என்கிறாள். நான் கம்போடு கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறேன், வயசாயிடுச்சு என்று கூடத் துவைக்கிற வேலம்மா சிரிக்கிறாள். அடுத்த மாதம் முதல் எனக்குக் காலையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. அப்புறம் கரையில் யாரும் இல்லை.

நீ எழுதினால் அம்மா நம்புவாள். ஆற்றுத் தண்ணீரில் நின்றால் சொறி வரும், புண் வரும், பெரிய டாக்டர் சொன்னார் என்று எழுது. எல்லாப் பெண்களுக்கும் படித்துக் காட்டச் சொல். உடனே எழுது மகளே. நீ நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும்.

முதலை என்று எழுதாதே. பேப்பரில் படித்தேன் என்று மறந்தும் எழுதிவிடாதே.

உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
மு. சன்னாசி