சாவி பெட்டியில் இருக்கும்

செவ்வாய், இரவு.

லிஸ்பனில் எங்கே தங்குவது என்று இன்றும் முடிவாகவில்லை. மீனாவுக்கு அடுப்படியுள்ள வாடகை வீடு வேண்டும். "ஓட்டல்காரன் உங்களுக்கு உப்பக் கொறச்சு கொழம்பு வைப்பானா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்றாள்.

நிருபர் பழக்கத்தில் அவள் பார்த்துவைத்த வீட்டின் உரிமையாளருக்கே எழுதி, இரவில் அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். சாவி வாசலில் பெட்டியில் இருக்கும், யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று பதில் வந்தது. எனக்கு நெஞ்சு வலித்த அன்று மீனா கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே எந்தக் கதவைத் தட்டுவாள்? ஓட்டலில் ஒருவராவது விழித்திருப்பார்.

இதைச் சொன்னால் பயணமே வேண்டாம் என்பாள். அதனால், "ஓட்டல்ல காலைச் சாப்பாடு இலவசம்" என்றேன்.

"இம்புட்டு வயசாகியும் ஓசிச் சோத்துக்கு அலையுறீகளே!" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். அறைக்குள் அடுப்பு வைத்த ஓட்டல் உண்டா என்று நாளை விசாரிக்க வேண்டும்.