உழவு என்று எழுதாதே என்றேன்

என் கோபத்துக்கெல்லாம் "சரிக்கா" என்று மட்டுமே பதில் சொன்ன என் தம்பி பாண்டிக்கு,

நெஞ்சுவலி என்று சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆற அமர உனக்கொரு கடிதம் எழுதலாம் என்றிருந்தேன். ஆறவுமில்லை, அமரவுமில்லை. ஆத்திரம்தான் இருக்கிறது. அதை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்ட?

ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற நம் கரிசல் காட்டைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். என்ன பட்டியல் என்று கேட்பாய். பெய்கிற மழையில் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஓடும், எவ்வளவு ஆவியாகும் என்று கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் மாடலைத்தானே நான் இத்தனை வருடமாகக் கட்டி அழுகிறேன். அது சொல்வது சரியா என்று ஒத்துப்பார்க்க அங்கங்கே மண் ஈரம் பார்க்கிற சென்சார் புதைத்திருக்கிறோம் இல்லையா, அந்த இடங்களின் பட்டியல். அதில் கரிசல் மண்ணுக்கு நம் காடு ஒன்றுதான்.

நம் காட்டில் முதல் மழைக்கு ஆழத்தில் இருக்கிற சென்சார் முதலில் நனைகிறது. மேலே இருப்பது பிறகுதான் நனைகிறது. மாடலோ மேலிருந்து கீழாகத்தான் தண்ணீர் இறங்கும் என்கிறது. ஆகவே சென்சார் கோளாறு என்று எங்கள் குழுத் தலைவர் முடிவு கட்டிவிட்டார். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், முழங்கை வரை கை உள்ளே போகும், மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக நேரே அடியில் இறங்கிவிடும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். மாடலுக்கு வெடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது, அதைத்தான் திருத்த வேண்டும் என்றேன். "நேரில் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறதா?" என்று கேட்டார்.

நம் காட்டை எடுத்துவிட்டால் மாடலின் மதிப்பெண் கூடிவிடுமாம். சரியாகப் படிக்காத பிள்ளையைப் பரீட்சைக்கே அனுப்பாமல் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுகிற பள்ளிக்கூடம் மாதிரிதான் இது. இங்கே படிக்காதது மாடல், வெளியே போவது நம் மண்.

மழை பெய்த அன்றெல்லாம் எனக்காக நீ அளந்து எழுதி வைத்த நோட்டு ஞாபகம் வந்தது. லீவு போட்டு ஊருக்கு ஓடினேன். காட்டில் உன் செல்வி போன பருவத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தாள், பாதியைப் பன்றி தின்றுவிட்டது. காட்டு வேலை இல்லாத நாளில் கம்பெனி வேனில் பட்டாசு வேலைக்குப் போகிறாள். "வாங்க மதினி" என்று உன் நோட்டுகளை எடுத்து வைத்தாள்.

முதல் வருடத்து நோட்டில் எல்லாம் இருந்தது. மழைமானி டப்பாவின் அளவுக்குப் பக்கத்தில், "ஒரு உழவு மழை. மேல காஞ்சு கிடக்கு. வெடிப்புக்குள்ள ரெண்டு உழவு ஈரம்." ஏர் ஓடுகிற ஆழத்துக்கு நனைந்தால் ஒரு உழவு. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வருடத்து நோட்டைத் திறந்தேன். வெறும் மில்லிமீட்டர். அதற்கடுத்ததிலும் அதேதான்.

அந்த போன் பேச்சு உனக்கு நினைவிருக்கிறதா?

"ஏலே, மில்லிமீட்டரை மட்டும் எழுது. உழவு கிழவுன்னு எழுதினா எங்க ஆபீஸ்ல சிரிப்பாக, லே."

"எம்புட்டு பெஞ்சதுன்னு டப்பா சொல்லும். மண்ணுக்குள்ள எம்புட்டு போச்சுன்னு சொல்லுமாக்கா?"

"அதுக்குத்தான் சென்சார் பொதைச்சிருக்கு. சொன்னதைச் செய்யி."

"சரிக்கா."

செல்வியிடம் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நிதானமாக, "அவுக எழுதுறத நிறுத்தல மதினி. நோட்டுல எழுதினா நீங்க வைவீகன்னு காலண்டர்ல எழுதுவாக" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "எந்தக் காலண்டர்?"

"அந்தா தொங்குதே, தினசரிக் காலண்டர். அன்னன்னைக்குத் தாள்ல எழுதுவாக."

"அந்தத் தாளெல்லாம் எங்கன?"

"மறுநா காலைல கிழிச்சு அடுப்புல போட்டுருவேன். எனக்கு என்ன தெரியும் மதினி?"

ஏன்லே, எழுதுவதற்கு உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? ஊரே காலண்டர் அச்சடிக்கிறது, ஒரு மாதக் காலண்டர் உன் கண்ணில் படவில்லையா? அன்றாடம் கிழிக்கிற தாளில் போயா எழுதி வைப்பாய்? திட்டுகிறேன், ஆனால் நீ யாருக்குப் பயந்து அங்கே எழுதினாய் என்பதும் தெரிகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தலைவரிடம் முதல் வருடத்துப் பக்கங்களைக் காட்டினேன். ஒரு வருடக் குறிப்பு போதாது என்றார். இந்த ஐப்பசி மழை வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் நம் காட்டை எடுத்தால், அறிக்கையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

முதல் மழைக்கு நான் நம் காட்டில் நிற்பேன். வெடிப்புக்குள் நானே கை விட்டுப் பார்த்து, எத்தனை உழவு என்று எழுதுவேன். ஆபீஸ் படிவத்தில், மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், தமிழிலேயே. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை பாண்டி. போன வாரம் வரை உன் நோட்டை நான் ஒருவருக்கும் காட்டியதே இல்லை.

உன் வாயை அடைத்த,
உன் அக்கா