பாலர் பள்ளியில் சித்தியின் நாற்காலி

முருகன் துணை

பாசமுள்ள மகள் ஷர்மினிக்கு, உன் சித்தி தெய்வானை எழுதுறது. தண்ணிமலை முருகன் புண்ணியத்துல நான், சித்தப்பா, உன் மகன் தனேஷ் மூணு பேரும் இங்க நல்லா இருக்கோம், தைவான் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு விளக்கேத்துறப்பல்லாம் கேட்டுக்குறேன். போன்ல சொல்லலாம்தான், ஆனா மகன் பேரை எடுத்தாலே நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சிடுறே, நானும் சொல்ல வந்ததை மறந்துடுறேன். எழுத்துப்பிழை பாக்காதே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவதோட சரி.

தனேஷுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சதும் பாலர் பள்ளியில என்ன சொன்னாங்க, ஒரு தவணை பாக்குறோம், கூட ஒரு ஆள் உட்காரட்டும், அப்புறம்தான் வச்சுக்கிறதா இல்லையான்னு சொல்லுவோம்னாங்க. வேண்டாம்னுட்டா கம்பெனி வேலையை உதறிட்டு வந்துடுவேன்னு நீயும் பெட்டியைத் தயாரா வச்சுக்கிட்டு நின்னே. அந்த ஆளா நான்தான் போனேன், இந்த வயசுல பாலர் பள்ளி! அந்தக் குட்டி நாற்காலியில உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு பிள்ளைங்க வந்து கை குடுக்கணும். ஆனா வேலையில குறையே வைக்கல. அவன் பென்சிலை எடுத்துக் குடுத்தேன், சோத்தை ஊட்டி விட்டேன், எந்தப் பிள்ளை அவனை என்ன கேட்டாலும் நானே பதில் சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரி உன் சித்தி. நோர்மா டீச்சர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, ஆன்ட்டி கொஞ்சம் தள்ளி உட்காருங்க லா அப்படின்னு நாற்காலியைச் சுவரோரம் போட்டுட்டாங்க. பிறகு கதவுகிட்ட, பிறகு செருப்பு வைக்கிற தட்டுக்குப் பக்கத்துல. நான் என்ன செருப்புக்குக் காவலான்னு கேட்டே புட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, நீங்க பக்கத்துல இருந்தா பிள்ளைங்க உங்ககிட்டதான் பேசுது, அவன்கிட்ட பேச மாட்டேங்குது ஆன்ட்டின்னாங்க. எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, அந்தச் செருப்புத் தட்டுப் பக்கத்துலயே போய் உட்கார்ந்துட்டேன்.

அந்த நோர்மாவைக் குறை சொல்லக் கூடாதும்மா. பாட்டுக்குக் கை தட்டுனா இவன் காதைப் பொத்திக்குவான், அதனால வகுப்பு முழுக்க இப்ப கை தட்டாம விரலை ஆட்டுதுங்க. அதைப் பார்த்து நானும் வீட்டுல பூசை மணியை உள்ள வச்சுட்டேன், தீபம் மட்டும்தான், முருகன் கோவிச்சுக்க மாட்டார். அடுத்து என்ன செய்யணும்னு வரிசையா படம் ஒட்டுறாங்க, இவன் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்யிறான். நானும் வீட்டுச் சுவத்துல பல் விளக்க, குளிக்கன்னு ஒட்டி, நடுவுல ஒரு முருகனையும் சேர்த்தேன், என் கெட்ட நேரம். போன வாரம் நேரமாச்சேன்னு சாமி கும்பிடாம கிளம்பப் பார்த்தேன், விடுவானா? சுவத்துகிட்டயே நின்னுக்கிட்டு முருகனைத் தட்டித் தட்டிக் காட்டுறான். உன் சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கல, இத்தனை வருஷமா உன்னைக் கேக்க ஆளில்லாம இருந்துச்சுங்கிறார்.

இப்ப கேளு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம், தண்ணி போத்தல் மூடி திறக்கல இவனுக்கு. முகம் சுருங்குது, அழப் போறான்னு நான் பதறி எந்திரிச்சா நாற்காலியும் என்னோட சேர்ந்து எந்திரிக்குது, மாட்டிக்கிச்சு! நான் அதோட மல்லுக்கட்டுறதுக்குள்ள இவன் நேரா பக்கத்து மேசை சாஹித்துகிட்ட போயி போத்தலை நீட்டிட்டான். ஒரு பேச்சில்ல, மூஞ்சியைக்கூடப் பாக்கல. அந்தப் பையனும் ஒண்ணும் கேக்காம திறந்து குடுத்துட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிடுறான். இவன் அங்கேயே நின்னு குடிச்சான். நாற்காலியோட அப்படியே நின்னுட்டேன் நான். அன்னிக்கே தலைமை டீச்சர் உள்ள கூப்பிட்டாங்க, முருகன்கிட்ட வேண்டிக்கிட்டே போனேன். தனேஷ் இங்கேயே படிக்கட்டும், திங்கட்கிழமையிலிருந்து ஆன்ட்டி வர வேண்டாம்னாங்க. பாத்தியா, பிள்ளையைச் சேர்த்துக்கிட்டாங்க, என்னை நிப்பாட்டிட்டாங்க! வெளிய வந்து சித்தப்பா ஓட்டிட்டு வந்த காடியில உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

அதனால பெட்டியைப் பிரிச்சுத் துணியை அலமாரியில அடுக்கு, வேலையைப் பாரு. தண்ணிமலையான் உன்னையும் மாப்பிள்ளையையும் குறையில்லாம வைக்கட்டும். அவனுக்குச் சட்டை வாங்குனா கழுத்துக்குப் பின்னால இருக்கிற லேபலை ஒட்ட வெட்டிட்டு அனுப்பு, குத்துதுன்னு பாசார் கடைத்தெருன்னுகூடப் பாக்காம கழட்டிப் போட்டுடுறான். லீவுல வர்றப்ப நீயும் பாலர் பள்ளி வாசல் கேட்டுகிட்டயே நின்னு கையை ஆட்டிட்டுத் திரும்பிடணும், சொல்லிட்டேன், எனக்கே உள்ள இடமில்ல.

ஆசீர்வாதத்துடன்,
பாலர் பள்ளியை முடிச்ச உன் சித்தி
தெய்வானை